ஹக்கிள்பெரி பழுக்கும் உயரம்

வாஷிங்டன் மாநிலத்தில் கருங்கரடி வேட்டைப் பருவம் ஆகஸ்ட் 1இல் தொடங்கி நவம்பர் 15 வரை நீள்கிறது. காஸ்கேட் மலைத்தொடரோ வடக்கே கனடா எல்லையிலிருந்து தெற்கே ஆரிகன் எல்லை வரை மாநிலத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. இத்தனை நாளும் இத்தனை காடும் கையில் இருப்பதால், முதன்முறை போகிறவர்கள் எந்த வார இறுதி, எந்த ரைஃபிள், எந்தக் கூடாரம் என்று ஆரம்பிக்கிறார்கள். நான் பழத்திலிருந்து ஆரம்பிப்பேன், கரடி தேடி வருவது அதைத்தான். பழம் இருக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்து முடித்ததும், அவற்றில் எங்கெல்லாம் சுட மாட்டேன் என்று ஒவ்வொன்றாகக் கோடிட்டு அடிக்க ஆரம்பிப்பேன். கடைசியில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம் நிலம். அந்தக் கொஞ்சம்தான் என் திட்டம்.

பழம் என்று நான் சொல்வது மலை ஹக்கிள்பெரி. கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சிறு பழம், பெரும்பாலும் முழங்கால் உயரமோ இடுப்பளவோ வளரும் செடி. காஸ்கேடில் ஏறக்குறைய 3,000 அடியிலிருந்து 6,000 அடி வரை உள்ள சரிவுகளில் செழித்திருக்கும். கீழே இருப்பது முதலில் பழுக்கும், மேலே இருப்பது பின்னால். ஒரே உயரத்தில் தெற்கு பார்த்த சரிவு முந்தும், வடக்கு பார்த்த சரிவு பிந்தும். ஆக ஆகஸ்ட் தொடங்கி செப்டம்பர் கடைசிவரை பழுத்த பழத்தின் கோடு மலைமேல் ஏறிக்கொண்டே போகிறது, கரடியும் கூடவே ஏறுகிறது. குளிர்காலப் பனி கனமாக விழுந்த ஆண்டில் அந்தக் கோடு தாமதமாகப் புறப்படும். பூத்திருக்கும்போது உறைபனி விழுந்துவிட்டால் ஒரு சரிவு முழுக்க அந்த ஆண்டு காய்க்காமலே போகும். போன ஆண்டு கரடி நின்ற இடத்தில் இந்த ஆண்டும் நிற்கும் என்று நம்பிப் போகிறவர்கள் பலரும் வெறும் இலையைப் பார்த்துத் திரும்புவது இதனால்தான்.

இந்தச் செடிக்கு வெயில் வேண்டும். டக்ளஸ் ஃபிரும் ஹெம்லாக்கும் நெருங்கி நின்று வானத்தை மூடிய காட்டிலும் அது உயிரோடு இருக்கும், ஆனால் காய்ப்பு குறைவு. அதனால் நான் தேடுவது திறந்த இடங்களை. ஆண்டுதோறும் பனிச்சரிவு விழுந்து மரம் வளரவிடாமல் வைத்திருக்கும் செங்குத்துத் தடங்கள், பல ஆண்டுகளுக்கு முன் எரிந்த மலைமுகங்கள், மரம் வெட்டி எடுத்துவிட்டு விட்ட பழைய வெட்டுக்காடுகள். செயற்கைக்கோள் படத்தில் இவை வெளிர்பச்சைத் திட்டுகளாகத் தெரியும். எரிந்த காட்டை உடனே நம்பிவிடக் கூடாது. தீ மேலோட்டமாகப் போயிருந்தால் செடி வேரிலிருந்து துளிர்க்கும், ஆனால் நன்றாகக் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். மண்வரை வெந்த இடத்தில் வேரே மிஞ்சியிருக்காது.

இந்தத் திறந்தவெளிகளில் பல தானாக உண்டானவையும் அல்ல. இந்த மலைகளின் பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாகப் பழம் பறித்து முடித்த பிறகு தீ வைத்து, மரம் மூடிவிடாமல் பழக்காடுகளைக் காத்து வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் அந்தத் தீ தடுக்கப்பட்டது, பழக்காடுகளும் சுருங்கின. ஆடம்ஸ் மலைக்குத் தென்மேற்கே, இன்று கிஃபர்ட் பின்ஷோ தேசிய வனம் எனப்படும் காட்டில் சாடூத் பழவெளி இருக்கிறது. பெருமந்தக் காலத்தில் வேலையிழந்தவர்கள் கூட்டங்கூட்டமாக அங்கே வந்து பழம் பறிக்க ஆரம்பித்ததும், 1932இல் யாக்கமா பூர்வகுடித் தலைவர் வில்லியம் யாலப்பும் வன மேற்பார்வையாளர் ஜே. ஆர். ப்ரக்கார்ட்டும் கைகுலுக்கி ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். பழவெளியின் ஒரு பகுதி பூர்வகுடிகளுக்கு மட்டும் என்பது அந்த உடன்பாடு. 24ஆம் எண் வனச்சாலையின் கிழக்குப் பக்கம் இன்றும் அப்படியே ஒதுக்கப்பட்டிருக்கிறது, பலகையும் நிற்கிறது. அதற்கும் முன்னால், 1855 ஒப்பந்தத்திலேயே வேட்டையாடவும் பழமும் கிழங்கும் சேகரிக்கவும் தங்களுக்குள்ள உரிமையை யாக்கமா மக்கள் எழுத்தில் வைத்துக்கொண்டார்கள். ஆகஸ்டில் குடும்பம் குடும்பமாக அவர்கள் பழம் பறிக்க வரும் இடத்தைச் சுற்றி நான் துப்பாக்கியோடு நடமாட மாட்டேன். வரைபடத்தில் நான் முதலில் அடிப்பது அந்தப் பகுதியைத்தான். சட்டம் என்னை அங்கிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்கச் சொல்கிறது என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை.

ஜூலையில் துப்பாக்கி இல்லாமல் மலையேறுவது என் திட்டத்தின் முக்கால்வாசி. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவேன். அவர்கள் காய்களை எண்ணுவார்கள், நான் சுவடுகளைப் பார்ப்பேன். புரட்டிப்போட்ட கல், எறும்புக்காகப் பிய்த்தெறிந்த உளுத்த மரக்கட்டை, பாதையில் கிடக்கும் எச்சம். எச்சத்தில் புல் மட்டும் இருந்தால் கரடி இன்னும் பழத்துக்கு வரவில்லை என்று பொருள். ஊதா நிறமும் விதையும் தெரிந்தால் பக்கத்தில் எங்கோ பழுக்க ஆரம்பித்துவிட்டது. மேற்குச் சரிவுகளில் இளம் டக்ளஸ் ஃபிர் மரங்கள் அடியில் பட்டை உரிந்து நிற்பதைப் பார்க்கலாம். வசந்தத்தில் குகையை விட்டு வெளியே வந்த கரடி பட்டைக்கு அடியில் இருக்கும் இனிப்புச் சாற்றுக்காக உரித்தது அது. கரடி இந்தக் காட்டில் வாழ்கிறது என்பதற்கு அது சான்று. ஆகஸ்டில் எங்கே நிற்கும் என்பதை அது சொல்லாது.

இலையுதிர்காலத்துக் கரடியின் பசியைப் பற்றி எவ்வளவு படித்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை. நாளில் 20 மணி நேரம் வரை தின்னும், 20,000 கலோரி வரை சேர்க்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பழத்தைத் தனித்தனியாகப் பறிப்பதில்லை, உதட்டாலும் நாக்காலும் கிளையை வழித்தெடுக்கும். இந்தக் கொழுப்பில்தான் அடுத்த பல மாதம் சாப்பிடாமல், குடிக்காமல் உறங்க வேண்டும். பெண் கரடிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கோடையின் தொடக்கத்தில் இணை சேர்ந்தாலும் கரு உடனே கருப்பையில் ஒட்டாது. மிகச் சிறிய உயிரணுக் கொத்தாக மிதந்தபடி ஏறக்குறைய நவம்பர் வரை காத்திருக்கும். அதற்குள் உடம்பில் போதிய கொழுப்பு சேர்ந்திருந்தால் கரு ஒட்டி வளரும், சேரவில்லையென்றால் உடம்பே அதைக் கரைத்துக்கொள்ளும். ஜனவரி, பிப்ரவரியில் குகைக்குள் பிறக்கும் குட்டி அரைக்கிலோ கூட இருக்காது. ஹக்கிள்பெரி நன்றாகக் காய்த்ததா பொய்த்ததா என்பது அடுத்த வசந்தத்தில் எத்தனை குட்டிகள் வெளியே வரும் என்பதையும் சேர்த்து முடிவு செய்கிறது. பழம் பொய்த்த ஆண்டில் வேட்டைக்குப் போகாமல் இருப்பதை நான் வழக்கமாக வைத்திருப்பது இதனால்தான். பசியில் கரடிகள் கீழே இறங்கி, இருக்கிற கொஞ்சம் பழத்தில் கூடி நிற்கும் ஆண்டு அது. சுடுவது அப்போதுதான் எளிது. எளிது என்பதாலேயே எனக்கு அது வேண்டாம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1996இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 655ஆம் முன்மொழிவு, இரை வைத்துக் கரடியை வரவழைப்பதையும் நாய்களை விட்டு விரட்டுவதையும் இந்த மாநிலத்தில் தடை செய்தது. 2022 நவம்பரில் மாநில மீன், வனவிலங்கு ஆணையம் வசந்தகாலப் பொழுதுபோக்கு வேட்டையையும் நிறுத்தியது. இரண்டையும் நான் மனமார ஏற்கிறேன். குட்டிகளோடு அப்போதுதான் வெளியே வந்திருக்கும் தாயைச் சுட்டுவிடும் ஆபத்து வசந்தத்தில் எப்போதும் உண்டு. இரையும் நாயும் இல்லாமல் மிஞ்சுவது, எதிர்ச் சரிவில் உட்கார்ந்து பைனாகுலரில் மணிக்கணக்காகத் தேடுவது. அப்படித் தேடும்போதுதான் கரடியை வெகுநேரம் பார்க்க முடிகிறது. பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்லவும் நேரம் கிடைக்கிறது.

1972 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்தவர்கள் முதல் உரிமம் வாங்கும் முன் வேட்டைக் கல்வி வகுப்பை முடித்திருக்க வேண்டும். கிரிஸ்லி எனப்படும் பெரிய பழுப்புக் கரடிகள் இருக்கக்கூடிய வடக்கு, வடகிழக்கு வேட்டை அலகுகளில் கருங்கரடியைத் தேடுபவர்களுக்குக் கரடியை இனம்காணும் தேர்வும் உண்டு. பருவத் தேதியும் எண்ணிக்கை வரம்பும் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டின் கையேட்டைப் பார்த்தே போக வேண்டும். நம்மவர்கள் அடிக்கடி கேட்பது விசாவைப் பற்றி. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது கூட்டரசுச் சட்டம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு அதிலிருந்து விலக்கு இருக்கிறது. ஆனால் மாநிலச் சட்டம் வேறு, குடியேற்றச் சிக்கல் வேறு. நண்பர் ஒருவர் சொன்னார் என்று கடைக்குப் போகாதீர்கள், வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

“கரடியைப் போய் ஏன்ப்பா?” என்று அம்மா போனில் கேட்டார். ஊரில் பலருக்கும் இருக்கும் கேள்விதான் அது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. நம் மலைகளில் திரியும் தேன்கரடி அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அங்கே காடு துண்டுதுண்டாகக் கிடக்கிறது, கரடி குறைந்துவிட்டது, மனிதர்களுக்கும் அதற்கும் நடுவே இடம் இல்லை. அந்தத் தடை அப்படியே இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். இங்கே நிலைமை வேறு. காடு தொடர்ச்சியாக இருக்கிறது, கருங்கரடி மாநிலத்தின் பெரும்பகுதியில் நிலையாக வாழ்கிறது, எடுக்கப்படும் ஒவ்வொன்றும் கணக்கில் ஏறுகிறது. அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. “வீட்டில் ஆடு, கோழி சாப்பிடுகிறோம் இல்லையாம்மா, அது எப்படி வளர்ந்தது, எப்படிச் செத்தது என்று நமக்குத் தெரியாது. இது எனக்குத் தெரியும்” என்றேன். அவருக்கு அது போதவில்லை. எனக்கும் அது முழுப் பதில் இல்லைதான், ஆனால் பொய்யில்லாத பதில்.

இனி உட்காரும் இடம். கரடிக்குக் கண் சுமார், காது நன்று, மூக்கோ எல்லாவற்றையும் மிஞ்சியது. மலையில் காற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காலையில் வெயில் பட்டுச் சரிவு சூடாக ஆரம்பித்ததும் காற்று மேல்நோக்கி ஏறும், மாலையில் நிழல் விழுந்ததும் குளிர்ந்து கீழ்நோக்கி வழியும். ஆகவே காலையில் கரடிக்குக் கீழே நின்றால் வாசம் நேரே அதன் மூக்குக்கே போகும். காலைக்கு ஓர் இடம், மாலைக்கு இன்னோர் இடம் என்று தனித்தனியாகவே குறித்துக்கொள்வேன். இரண்டும் பழச்சரிவுக்கு எதிரில், நடுவே ஓர் ஓடைப் பள்ளத்தாக்கு இருக்கும்படி. சட்டையில் ஒரு சிட்டிகை மாவுப் பொடி வைத்துக்கொண்டு அவ்வப்போது தூவிப் பார்ப்பேன். மேகம் மூடிய நாளில் இந்த ஒழுங்கு குலைந்துவிடும், காற்று சுழன்று சுழன்று அடிக்கும். அன்று தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி.

இப்போது நான் அதிகம் பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன், சுமை.

வளர்ந்த ஆண் கருங்கரடி 100 கிலோவைத் தாண்டும், பெண் அதைவிடச் சிறியது. எலும்பை நீக்கி எடுத்தால் உயிரெடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறைச்சி தேறும். கொழுப்பு தனி. தோலும் தலையும் தனி, தோல் ஈரத்தோடு நல்ல கனம் இருக்கும். இவ்வளவையும் பாதையில்லாத சரிவில், முட்புதரும் விழுந்த மரங்களும் தாண்டி மனித முதுகுதான் சுமந்து வர வேண்டும். அதுவும் ஆகஸ்டில். வேட்டைக்காரர்கள் மான் எடுப்பது அக்டோபர் குளிரில், இரவு முழுக்கத் தொங்கவிட்டாலும் கெடாது. கரடிக்கு அடர்ந்த மயிர், அதன் கீழே கைவிரல் தடிமனுக்குக் கொழுப்பு. உயிர் போன பிறகும் உடம்புச் சூட்டை இரண்டும் சேர்ந்து உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். தோலை உடனே உரித்து, தசையை எலும்பிலிருந்து பிரித்து, காற்றோட்டமான துணிப் பைகளில் போட்டு நிழலில் தொங்கவிடாவிட்டால் அந்த வெயிலில் சில மணி நேரத்தில் எலும்பை ஒட்டிய இறைச்சி கெட ஆரம்பிக்கும். எடுத்த விலங்கை வீணாக்குவது இந்த மாநிலத்தில் குற்றம். சட்டம் அப்படிச் சொல்லாவிட்டாலும் என் மனம் அதை ஏற்காது.

அதனால் வண்டி நிற்கும் இடத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுகிறேன். வண்டியில் பனிக்கட்டி நிறைத்த இரண்டு பெரிய கூலர்கள் இருக்கும். அங்கிருந்து இறைச்சியோடு நடக்கக்கூடிய தூரத்தை மைலில் அல்ல, மணியில் கணக்கிடுகிறேன். நல்ல பாதையில் இரண்டு மைல் என்பது ஒன்று, வழுக்கும் கற்சரிவில் அரை மைல் என்பது வேறு. வெறுங்கையோடு ஒரு மணி நேரத்தில் போகிற இடத்திலிருந்து 30 கிலோ முதுகில் வைத்துத் திரும்ப மூன்று மணி ஆகலாம். இருவர் போனால் இறைச்சியை ஒரே நடையில் கொண்டுவந்துவிட முடியும், தோலுக்கு இன்னொரு நடை. தனியாகப் போனால் கணக்கு எல்லாமே இரட்டிப்பாகும். எனவே தனியாகப் போகும் நாளில் என் வரைபடத்தின் வட்டமும் பாதியாகச் சுருங்கும்.

அந்த வட்டத்துக்குள்ளும் எல்லாச் சரிவும் ஒன்றல்ல. என் வண்டிக்கு மேலே இருக்கும் சரிவு நல்லது, சுமையோடு இறங்கி வரலாம். வண்டிக்குக் கீழே ஓடைப் பள்ளத்தில் இருக்கும் பழத்திட்டு எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவேன். அடிபட்ட கரடி பெரும்பாலும் கீழ்நோக்கியே ஓடும் என்பது மூத்தவர்கள் சொல்லக் கேட்டது. ஓடி விழுவதும் மிக அடர்ந்த புதருக்குள்ளாகத்தான் இருக்கும். கொழுப்பும் மயிரும் இரத்தத்தை உறிஞ்சிக்கொள்வதால் தரையில் தடம் குறைவாகவே விழும். மாலை வெளிச்சம் போகும் நேரத்தில், வைன் மேப்பிளும் டெவில்ஸ் கிளப் முட்செடியும் நிறைந்த பள்ளத்துக்குள் அதைத் தேடிப் போவதை நான் விரும்பவில்லை. சட்டம் சூரியன் மறைந்து அரைமணி நேரம் வரை சுட அனுமதிக்கிறது. நான் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ரைஃபிளைக் காலி செய்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பேன். வெயில் கொதிக்கும் நாளில் காலையிலும் அப்படித்தான், நண்பகலுக்குள் கூலருக்குக் கொண்டு சேர்க்க முடியாத தூரத்தில் நின்றால் அது எவ்வளவு பெரிய கரடியாக இருந்தாலும் அதன் பாட்டுக்குத் தின்னட்டும்.

அலுவலகத்தில் ஒரு தம்பி இந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணே, இவ்வளவு அடிச்சிட்டீங்களே, மிச்சம் என்னதான் இருக்கு?” என்று கேட்டார். மூன்று திட்டுகள் இருந்தன. மூன்றும் நான் ஜூலையில் காலால் நடந்து பார்த்தவை. இந்த முடிவுகளை வீட்டு மேசையில் எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கரடி கண்ணில் பட்டதும் நெஞ்சு அடிக்கிற அடியில் தூரம் குறைவாகத் தெரியும், சரிவு மென்மையாகத் தெரியும், மாலை நீளமாகத் தெரியும். அந்த நேரத்து மனத்திடம் புதிதாக எதையும் முடிவு செய்யும் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது.

ஆகஸ்ட் இறுதியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது, தீ. 2022 செப்டம்பரில் ஸ்கைக்கோமிஷ் பக்கம் போல்ட் க்ரீக் தீ பற்றியபோது 2ஆம் எண் நெடுஞ்சாலையையே மூடினார்கள். புகை மூடிய நாளில் எதிர்ச் சரிவே தெரியாது. அதைவிட, வெளியே வர ஒரே சாலை இருக்கும் பள்ளத்தாக்கை வறண்ட ஆண்டுகளில் நான் தொடுவதில்லை. மாற்றுத் திட்டமாக மலைத்தொடரின் ஈரமான மேற்குப் பக்கத்தில் ஓர் இடமும் எப்போதும் வைத்திருப்பேன்.

எந்தக் கரடி என்பதற்கு வருவோம். கருங்கரடி கறுப்பாகத்தான் இருக்கும் என்றில்லை. பழுப்பு, இலவங்கப்பட்டை நிறம், வெளிர்மஞ்சள் வரை உண்டு, கிழக்குச் சரிவில் பழுப்பு அதிகம். ஆகவே நிறத்தையும் உருவ அளவையும் வைத்து கிரிஸ்லியைப் பிரிக்க முடியாது. தோளில் திமில், உள்வாங்கிய முகம், குட்டையான உருண்டைக் காது, நீண்ட வெளிர் நகம் என்றால் கிரிஸ்லி. திமில் இல்லாமல், நெற்றியிலிருந்து மூக்குவரை நேர்கோடாக, காது எடுப்பாக இருந்தால் கருங்கரடி. வட காஸ்கேடில் அமெரிக்கப் பக்கத்தில் கிரிஸ்லி உறுதியாகப் பார்க்கப்பட்டது கடைசியாக 1996இல். அங்கே அதை மீண்டும் கொண்டுவிடுவதென்று 2024 ஏப்ரலில் கூட்டரசு முடிவு அறிவித்தது. கிரிஸ்லி 1975 முதல் பாதுகாக்கப்பட்ட இனம். ஒரு கிரிஸ்லியாவது கால்வைத்திருக்கக்கூடிய மலை என்ற நினைப்போடுதான் அங்கே ஒவ்வொரு கரடியையும் பார்க்க வேண்டும்.

அதைவிடக் கடினம் தாயை இனம்காண்பது. குட்டிகளோடிருக்கும் தாயைச் சுட வேண்டாம் என்று மாநில மீன், வனவிலங்குத் துறை வேண்டிக்கொள்கிறது. குட்டிகள் எப்போதும் காலடியில் நிற்பதில்லை. புதர் அவற்றைவிட உயரம், சில நேரம் மரத்தில் ஏற்றிவிட்டுத் தாய் மட்டும் மேயும். ஒரு கரடி தனியாகத் தெரிந்தால் குறைந்தது அரைமணி நேரமாவது பார்ப்பேன். அது அடிக்கடி தலையைத் திருப்பி ஒரே திசையைப் பார்த்தால் எனக்கு அதோடு போதும். காது தலையில் பெரிதாக, நெருக்கமாகத் தெரிந்தால் சிறு கரடி. காதுகள் சின்னதாக, விலகி, பக்கவாட்டில் இறங்கினாற்போலத் தெரிந்து, வயிறு தரையை நெருங்கி, நடையில் ஆட்டம் இருந்தால் வளர்ந்த ஆணாக இருக்க வாய்ப்பு அதிகம். இத்தனை பார்த்த பிறகும் ஐயம் இருந்தால் சுடுவதில்லை.

துப்பாக்கியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலோர் வீட்டில் இருக்கும் .308 அல்லது .30-06 தோட்டா ரக ரைஃபிள் போதும். சாய்ந்து உட்கார்ந்த நிலையில் கைத்தாங்கல் வைத்து எத்தனை கஜம் வரை ஒவ்வொரு முறையும் தவறாமல் அடிக்க முடிகிறதோ அதுதான் உங்கள் தூரம், ரைஃபிளின் தூரமல்ல. மயிர் உடம்பின் கோட்டை மறைக்கும் என்பதால் கரடி பக்கவாட்டில் நின்று முன்கால் முன்னே போகும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

எடுத்த பிறகு துறைக்கு ஒரு பல் அனுப்ப வேண்டும். கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் சிறு முன்கடைவாய்ப் பல். அதை மெல்லிய சீவலாக வெட்டி, வேரில் ஆண்டுக்கொன்றாகப் படியும் வளையங்களை நுண்ணோக்கியில் எண்ணி வயது சொல்கிறார்கள். பெண் கரடி குட்டி வளர்த்த ஆண்டின் வளையம் ஒடுங்கியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரு தாயின் வாழ்க்கை வரலாறே அந்தச் சின்னப் பல்லில் இருக்கிறது. அடுத்த ஆண்டு எவ்வளவு வேட்டையை அனுமதிக்கலாம் என்ற முடிவுக்கு இந்தப் பற்களும் அடிப்படை என்பதால், உறையில் போட்டு அன்றே அஞ்சலில் சேர்ப்பதைக் கடமையாக நினைக்கிறேன். பித்தப்பையை யாராவது விலைக்குக் கேட்டால் கேட்டவரோடு பேச்சையே முறித்துக்கொள்ளுங்கள், அதை விற்பது குற்றம். ஆசியச் சந்தைக்காகக் கரடியைத் திருட்டுத்தனமாகக் கொல்லும் கூட்டத்துக்கு அதுதான் தீனி.

கடைசியாக அடுப்படி. பழம் தின்ற கரடியின் இறைச்சி மாட்டிறைச்சியைப் போல் அடர்சிவப்பாக, கொஞ்சம் இனிப்பாக இருக்கும். ஆனால் அதில் டிரிக்கினெல்லா என்ற ஒட்டுண்ணிப் புழு தசைக்குள் சுருண்டிருக்க வாய்ப்பு உண்டு. குளிர்நாட்டு வகை உறைநிலையையும் தாங்கும், ஃப்ரீசரில் வைத்துவிட்டால் செத்துவிடும் என்பது கரடி விஷயத்தில் உண்மையில்லை. 2022இல் தெற்கு டகோட்டாவில் ஒரு குடும்பம் கூடிச் சாப்பிட்ட கதையை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2024இல் வெளியிட்டது. கனடாவின் சஸ்காட்செவனிலிருந்து வந்த கரடி இறைச்சி, 45 நாள் ஃப்ரீசரில் இருந்தது. காய்கறியோடு சேர்த்துக் கம்பியில் கோத்துச் சுட்டிருக்கிறார்கள். இறைச்சி இயல்பிலேயே கருஞ்சிவப்பு என்பதால் வேகாதது தெரியவில்லை. 6 பேருக்கு நோய் வந்தது, அவர்களில் 2 பேர் இறைச்சியைத் தொடவே இல்லை, அதோடு வெந்த காய்கறியை மட்டும் சாப்பிட்டவர்கள். உள்வெப்பம் 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ் எட்ட வேண்டும் என்பது அந்த மையத்தின் அறிவுரை. நிறத்தைப் பார்த்துச் சமைக்கக் கூடாது, தெர்மாமீட்டரைக் குத்திப் பார்க்க வேண்டும். பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்கக் கூடாது.

இந்த விஷயத்தில் நம் சமையல் இவர்களுடைய ஸ்டேக்கைவிட நல்லது. தோள்கறியையும் கால்கறியையும் சின்னத் துண்டுகளாக நறுக்கி, மஞ்சள் தடவி, சின்ன வெங்காயமும் இஞ்சி பூண்டும் வதக்கி, வறுத்தரைத்த மல்லி மிளகோடு பிரஷர் குக்கரில் விசில் விட்டு அடக்கினால் உள்ளே வெப்பம் 100 செல்சியஸுக்கு மேல் போய்விடும், கறியும் பஞ்சாக வெந்துவிடும். மிளகைக் கொஞ்சம் தூக்கலாகவே போடுவேன். கொழுப்பை இறைச்சியோடு விடாமல் தனியாக அரிந்து, சிறுதீயில் பல மணி நேரம் உருக்கி வடிகட்டினால் வெள்ளை வெளேரென்று உறையும். வாசம் இருக்காது, பரோட்டா மாவுக்குப் பூசினால் அடுக்கு அடுக்காக உரியும். இந்தக் காட்டில் பூர்வகுடிகளும் பின்னால் வந்தவர்களும் தலைமுறைகளாகப் பயன்படுத்திய கொழுப்பு இது.

வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பரிமாறும் முன்பே இது கரடி என்றும், எந்த மலையிலிருந்து எப்போது வந்தது என்றும், எத்தனை டிகிரிக்கு வெந்தது என்றும் சொல்லிவிடுவேன். வேண்டாம் என்பவர்களுக்கு அடுப்பில் சாம்பார் தனியாக இருக்கும்.